ஓட்டுக்கு வந்த தண்ணீர்

மார்ச் 4, திங்கள்

சுற்றறிக்கை வந்துவிட்டது. எங்கள் காலனித் தொடக்கப் பள்ளிதான் இந்தத் தேர்தலுக்கு வாக்குச்சாவடி. இதுவரை ஊர்ப்பள்ளியில்தான் ஓட்டு நடந்தது. அந்தக் கட்டடம் விரிசல் விட்டு, இடித்துவிட்டார்கள். ஆகவே ஊரும் காலனியும் இந்தத் தடவை இங்கே வந்து ஓட்டுப் போட வேண்டும். ஏப்ரல் 16 வாக்குப்பதிவு. முந்தின நாள், அன்று, மறுநாள் என்று மூன்று நாள் பள்ளியை மூடிச் சாவியை வி.ஏ.ஓ.விடம் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

மூன்று நாள் பள்ளி இல்லையென்றால் மூன்று நாள் காலைச் சிற்றுண்டியும் மதியச் சோறும் இல்லை. கரும்பு வெட்டப் போகிறவர்களுக்கு ஓட்டு நாள் ஒன்றுதான் லீவு. மற்ற இரண்டு நாளும் பிள்ளைகள் எங்கே இருப்பார்கள், எதைத் தின்பார்கள்? சுற்றறிக்கையில் அதற்கு ஒரு வரி இல்லை. நாற்காலி எத்தனை வேண்டும் என்று மட்டும் இருக்கிறது.

தலைமையாசிரியை கோமதி டீச்சர் படித்துக் கையெழுத்துப் போட்டார். "மூடச் சொன்னா மூடுவோம் மித்ரா. நமக்கு எதுக்கு வம்பு" என்றார். அவருக்கு ஊர்த்தெருவில் சொந்த வீடு, ஊர் முழுக்கச் சொந்தக்காரர்கள். யாரையும் பகைக்காமல் பென்ஷன் வரை போய்ச் சேர வேண்டும் என்பது அவருடைய கொள்கை. நான் பள்ளி மேலாண்மைக் குழு வைத்த தற்காலிக ஆசிரியை. மே மாதம் வந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். கோபப்பட எனக்கு வசதி அதிகம்.

மார்ச் 7, வியாழன்

யோகஸ்ரீக்கு மறுபடி காய்ச்சல். நான்காம் வகுப்பில் நன்றாகப் படிக்கிற பெண். வகுப்பிலேயே நடுங்கினாள். வண்டியில் உட்காரவைத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோனேன். சிறுநீரில் கிருமி. "தண்ணியே குடிக்க மாட்டியா பாப்பா?" என்று டாக்டரம்மா கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். பதிலை நான் சொல்ல வேண்டியிருந்தது.

குடிக்க மாட்டாள். காலையில் வீட்டை விட்டுக் கிளம்பினால் சாயங்காலம் திரும்பும்வரை ஒரு மடக்குகூடக் குடிக்க மாட்டாள். எங்கள் பள்ளியின் பெண் பிள்ளைகள் எல்லாருமே அப்படித்தான். குடித்தால் போக வேண்டும். போக இடமில்லை.

கழிப்பறை இல்லாமல் இல்லை. நீல ஓடு பதித்த இரண்டு அறை, வெளிச்சுவரில் சிரிக்கிற பெண் குழந்தையின் படம். தண்ணீர்தான் இல்லை. நான் வருவதற்கு முன்பே பூட்டி, உள்ளே உடைந்த பெஞ்சுகளை அடுக்கிவிட்டார்கள். பையன்கள் ரோட்டோரம் நின்று முடித்துக்கொள்கிறார்கள். பெண்கள் முன்பு பள்ளிக்குப் பின்னாலிருந்த கருவைப் புதருக்குப் போவார்களாம். அது ராஜவேலுவின் நிலம். மாஜி வார்டு மெம்பர். முள்கம்பி போட்டு அடைத்துவிட்டார்.

தண்ணீர் ஊர்த்தொட்டியில் இருக்கிறது. ஊர்த்தெரு வழியாக ஒரு பைப் இழுத்தால் போதும். "தொட்டித் தண்ணி ஊருக்கே பத்தல" என்று சொல்லி விடமாட்டேன் என்கிறார்கள். நானே மூன்று மனு கொடுத்திருக்கிறேன். ரசீது மட்டும் கிடைத்தது. சமையலுக்குக் காலனிக் கடைசியிலிருக்கும் அடிபம்பிலிருந்து குடத்தில் வருகிறது. அது சோற்றுக்கே சரியாகப் போய்விடும்.

சாயங்காலம் யோகஸ்ரீயின் அம்மா அஞ்சலாட்சியிடம் மாத்திரையைக் கொடுத்துவிட்டு, கொதிக்கவைத்த தண்ணீர் கொடுக்கச் சொன்னேன். "குடுக்கறன் டீச்சர். ஆனா இந்த வருசத்தோட நிறுத்திடப் போறன். வெட்டு நடக்கற எடத்துக்கு எங்ககூட வரட்டும். அங்க மறைவுக்குக் கரும்பாவது இருக்கு" என்றாள்.

அவள் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை.

மார்ச் 8, வெள்ளி

மகளிர் தினம். வட்டாரக் கல்வி அலுவலகத்திலிருந்து கேக்கும் வாழ்த்து அட்டையும் வந்தன. கேக் நன்றாக இருந்தது. பிள்ளைகளுக்குக் கொடுத்தோம். தண்ணீர் கேட்டார்கள்.

மார்ச் 12, செவ்வாய்

ஊரில் கோயிலடியில் கூட்டம் போட்டிருக்கிறார்கள். காலனிக்குள் போய் ஓட்டுப் போடுவதா என்று. அதை இந்த வார்த்தையில் யாரும் சொல்லவில்லையாம். "தூரம்" என்றார்களாம். ஒரே ரோடு. எங்கள் பிள்ளைகளின் அப்பாக்களும் தாத்தாக்களும் இத்தனை தேர்தலுக்கும் அதே ரோட்டில் அந்தப் பக்கம் நடந்து போனவர்கள்தான். அப்போது தூரமாக இல்லை. கோயில் முன்னால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்.

சாவடியை மாற்றச் சொல்லி மனு கொடுக்கப் போகிறார்களாம்.

முதலில் மூடக் கூடாது என்று கத்திக்கொண்டிருந்தவள் நான். இப்போது சாவடி இங்கேதான் இருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. ஒரு நாளாவது அவர்கள் இந்தப் பக்கம் நடக்கட்டும்.

மார்ச் 14, வியாழன்

இன்று நடந்ததை எழுதிவிட்டுத்தான் தூங்க முடியும்.

மதியம் ராஜவேலுவும் இன்னும் நாலு பேரும் பள்ளிக்கு வந்தார்கள். வாசலுக்கு வெளியே நின்றார்கள், உள்ளே வரவில்லை. கோமதி டீச்சர் நாற்காலியை வாசலுக்கு எடுத்துப்போய் உட்கார்ந்தார். இந்த ஊரில் யாருக்கு என்ன மனு எழுத வேண்டுமென்றாலும் டீச்சரிடம்தான் வருவார்கள். பட்டா, முதியோர் உதவித்தொகை, ரேஷன் கார்டு, எல்லாம் அவர் கையெழுத்தில் போனவைதான். எங்கள் பள்ளியில் சாவடி வேண்டாம் என்ற மனுவையும் அவரையே எழுதச் சொன்னார்கள். எழுதினார்.

எழுதியது மட்டுமல்ல, எடுத்தும் கொடுத்தார். "தூரம்னு போட்டா எடுபடாதுண்ணே. கோயில் திருவிழான்னு போட்டாலும் எடுபடாது. வசதி இல்லன்னு போடணும். குடிதண்ணி இல்ல. போடட்டுமா?"

"போடு டீச்சரம்மா."

"கக்கூசு இருக்கு, தண்ணி இல்லாம பூட்டிக் கெடக்கு. வயசானவங்க ஏற சாய்தளம் இல்ல. கரண்டு இருக்கு, லைட்டு எரியல."

"எல்லாத்தையும் போடு. ஒண்ணுகூட வுடாத."

"பக்கத்துல தண்ணி எங்க இருக்குன்னு கேப்பாங்க. ஊர்த்தொட்டியில இருக்குன்னு போட்டுடறன். பொய் சொன்னதா ஆயிடக் கூடாது பாரு."

"போடு, போடு."

கடைசியில் எல்லாரையும் கையெழுத்துப் போடச் சொன்னார். பெயர், வாக்காளர் அட்டை எண், செல்போன் எண். ஊருக்குள் கொண்டுபோய் இன்னும் ஐம்பது பேரிடமாவது வாங்கச் சொன்னார். நகல் ஒன்று எடுத்துத் தன் பையில் வைத்துக்கொண்டார்.

அவர்கள் போன பிறகு கேட்டுவிட்டேன். உங்கள் பள்ளிக்கு எதிராக நீங்களே எழுதுகிறீர்களே, வெட்கமாக இல்லையா என்று. அந்த வார்த்தையையேதான் சொன்னேன்.

பேனாவை மூடினார். "அதுல என்னா பொய் எழுதியிருக்கன், சொல்லு" என்றார். பிறகு சத்துணவு அரிசியைப் பார்க்கப் போய்விட்டார்.

மார்ச் 15, வெள்ளி

டீச்சரோடு பேசவில்லை. பேசாமலும் பள்ளி நடக்கிறது.

மார்ச் 21, வியாழன்

சப்-கலெக்டர் ஜீப் வந்தது. பின்னால் தாசில்தார், பி.டி.ஓ., ஓவர்சியர். சப்-கலெக்டர் சின்ன வயசுக்காரர், என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கலாம். தேர்தல் பார்வையாளர் அடுத்த வாரம் வருகிறாராம். அந்தப் பயம் எல்லார் முகத்திலும் இருந்தது. ராஜவேலுவும் ஆட்களும் முன்கூட்டியே வந்து வேப்பமரத்தடியில் நின்றார்கள். இப்போதும் வாசலுக்கு வெளியேதான்.

கழிப்பறைப் பூட்டைத் திறக்கச் சொன்னார். பெஞ்சுக் கால்களுக்கு நடுவே பல்லி ஓடியது. சப்-கலெக்டர் மூக்கைப் பொத்தவில்லை. அதை ஒப்புக்கொள்ள வேண்டும். மனுவைக் கையில் வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். வெளியே வந்து ராஜவேலுவிடம், சாவடிப் பட்டியல் மேலே போய்விட்டது, இனி யார் நினைத்தாலும் மாற்ற முடியாது என்றார். ராஜவேலு ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் சப்-கலெக்டர் தொடர்ந்தார்.

"ஆனா நீங்க எழுதியிருக்கிற குறை அத்தனையும் நியாயம். ஊர் மக்களே இவ்வளவு பேர் கையெழுத்துப் போட்டுக் கேட்டிருக்கீங்க. பத்து நாள்ல எல்லாத்தையும் செஞ்சு குடுத்துடறோம்."

ஓவர்சியர் தண்ணீர் எங்கிருந்து எடுப்பது என்று கேட்டார். கோமதி டீச்சர் கையைக் கட்டிக்கொண்டு, வழக்கமான அந்தப் பணிவான குரலில் சொன்னார்: "ஊர்த்தொட்டிதான் சார் பக்கம். மனுவுலயே அண்ணன் குறிப்பிட்டிருக்காரு. பைப்பு அவங்க தெரு வழியாத்தான் வரணும். அவங்களே கூட இருந்து பாத்துக்குவாங்க."

வெயில் ஏறிவிட்டது, ராஜவேலு தலையில் துண்டைப் போட்டுக்கொண்டார்.

நான் வகுப்புக்குத் திரும்பி வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தேன். ஏழாம் வாய்ப்பாட்டில் இரண்டு இடத்தில் தப்பாகச் சொன்னேன். பிள்ளைகள் திருத்தினார்கள்.

மார்ச் 22, வெள்ளி

புளிக்குழம்பு கொண்டுபோனேன். டீச்சருக்குப் பிடிக்கும் என்று ஒருமுறை சொன்ன ஞாபகம். பாத்திரத்தைத் திறந்து வைத்துவிட்டு உட்கார்ந்தேன். இரண்டு பேரும் பிள்ளைகளின் எடை, உயரம் பற்றிப் பேசினோம்.

மார்ச் 27, புதன்

ஊர்த்தெருவில் பள்ளம் தோண்டுகிறார்கள். வழி மறிக்க யாரும் வரவில்லை. எப்படி மறிப்பார்கள்? தண்ணீர் இல்லை என்று அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். ஓவர்சியர் மனுவின் நகலை மடித்துச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறார். முணுமுணுத்த ஒருவரிடம் எடுத்து விரித்து, "இது நீங்கதானே?" என்று பெயரைக் காட்டினாராம். இதைச் சொல்லிச் சொல்லிக் காலனியே சிரிக்கிறது.

பள்ளிக்குள் கொத்தனார் வேலை. வகுப்பு முழுவதும் வேப்பமரத்தடியில். சிமெண்டுத் தூசியில் தும்மிக்கொண்டே பாடம். நான் கோபப்படவில்லை. கொத்தனார் சாய்தளத்தை ஒப்பேற்றாமல் நன்றாகக் கட்டுகிறார். பலகை வைத்தால் போதும் என்று பி.டி.ஓ. அலுவலகத்தில் சொன்னார்களாம். "பலகை போட்டா நாளைக்கே எவனாச்சும் தூக்கிட்டுப் போயிடுவான் டீச்சர்" என்றார். அவருக்கு மோர் வாங்கிக் கொடுத்தேன். உப்புப் போதவில்லை என்றார். வாங்கிக் கொடுத்தவளைப் பார்த்து இப்படி உரிமையாகக் குறை சொல்கிறவர்களை எனக்குப் பிடிக்கும்.

ஏப்ரல் 2, செவ்வாய்

தண்ணீர் வந்தது.

முதலில் காற்று வந்தது, பிறகு செம்மண் கலங்கல், அப்புறம் தெளிந்தது. பெண் பிள்ளைகள் குழாயைச் சுற்றி நின்றார்கள், யாரும் கை வைக்கவில்லை. தப்பு செய்தால் நின்றுவிடுமோ என்கிற மாதிரி. அஞ்சலாட்சி வெட்டிலிருந்து வந்தவள் கத்தியை இடுப்பில் செருகியபடியே வந்து பார்த்தாள். கதவில் தாழ்ப்பாள் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்டாள். இருக்கிறது. உள்ளே போய்த் தாழ் போட்டுத் திறந்து பார்த்துவிட்டுப் போனாள்.

யாருக்கு நன்றி சொல்வது? பட்டியல் கசக்கிறது. சப்-கலெக்டருக்கு, ஓவர்சியருக்கு, வராத பார்வையாளருக்கு, கையெழுத்துப் போட்ட ஊர்க்காரர்களுக்கு. ராஜவேலுவுக்கும்தான். வருஷக்கணக்காகப் பிள்ளைகள் கேட்டு வராத தண்ணீர், ஒரு நாள் வரிசையில் நிற்கப்போகிறவர்களுக்காக வந்தது. எந்த வழியில் வந்தால் என்ன, தண்ணீர் தண்ணீர்தான். சொல்லிவிடுகிறேன்: நன்றி.

ஏப்ரல் 5, வெள்ளி

ராஜவேலு டீக்கடையில் சொன்னாராம்: "ஓட்டு முடியட்டும். மறுநாளே பைப்ப அறுத்துடறோம்."

யோகஸ்ரீ இன்னும் குடிப்பதில்லை. கேட்டால், "எப்படியும் நிறுத்திடுவாங்களாம் டீச்சர்" என்கிறாள். பழக்கம் செய்துகொண்டு பிறகு தவிக்க வேண்டாம் என்று நினைக்கிறாள் போல. ஒன்பது வயதில் இந்தக் கணக்கு. அஞ்சலாட்சியும் முடிவை மாற்றவில்லை. "பதினேழாம் தேதி தாண்டட்டும், அப்புறம் சொல்றன்" என்றாள்.

ஏப்ரல் 12, வெள்ளி

சுவரில் கட்சிச் சின்னம் போல எது இருந்தாலும் மறைக்க உத்தரவு. பிள்ளைகள் வரைந்த சூரியன் போயிற்று. இலை போயிற்று. மாம்பழம் போயிற்று. தாமரை போயிற்று. சாப்பிடும் முன் கை கழுவச் சொல்லும் படத்திலிருந்த கையும் போயிற்று. பசை தடவிப் பழைய செய்தித்தாள் ஒட்டி முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தால், செய்தித்தாள் முழுக்கத் தலைவர்கள் கும்பிடுகிறார்கள். அத்தனையையும் கிழித்துவிட்டு விளையாட்டுச் செய்தியும் தங்கம் விலையும் உள்ள பக்கங்களாகப் பார்த்து மறுபடி ஒட்டினோம். டீச்சர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

ஏப்ரல் 15, திங்கள்

பள்ளி மூடியாயிற்று. சாவியைக் கொடுத்தோம். மாலையில் இயந்திரங்களோடு அதிகாரிகள் வந்து இறங்கினார்கள்.

சோற்றுக்கு என்ன செய்வது என்று நான் ஒரு மாதமாகப் புலம்பியதற்குக் காலனிப் பையன்கள் வழி கண்டுபிடித்துவிட்டார்கள். நேற்று ஏப்ரல் 14 விழாவுக்கு வசூலித்த அரிசியில் பாதியைத் தனியாக எடுத்து வைத்திருந்தார்கள். மூன்று நாளும் பிள்ளைகளுக்குச் சமுதாயக் கூடத்தில் சாப்பாடு. இன்று சாம்பார் சாதம். எனக்கும் ஒரு தட்டு கொடுத்தார்கள். அரசாங்கம் மறந்ததை ஞாபகம் வைத்திருக்க யாராவது இருக்கிறார்கள். அதற்கு நன்றியோடு இருக்கிறேன். மறந்தவர்கள் மேலுள்ள கோபம் அப்படியே இருக்கிறது. சாம்பார் நன்றாக இருந்தது.

ஏப்ரல் 16, செவ்வாய்

எங்கள் டவுனில் முதல் ஆளாக ஓட்டுப் போட்டுவிட்டு இங்கே வந்தேன். முதியவர்களைக் கைபிடித்து அழைத்துப்போகும் தன்னார்வலர் அட்டை எனக்கு.

ஊர் வந்தது. வராமல் இருக்க முடியாது, அவர்கள் சாதி வேட்பாளருக்குக் காலனி ஓட்டு விழாது. காலையில் ஆண்கள் கும்பலாக வந்து, யாரையும் பார்க்காமல் நின்று, போட்டுவிட்டுப் போனார்கள். பத்து மணிக்கு மேல் பெண்கள் வரிசை ரோடு வரை நீண்டது. வெயில். முதலில் யாரும் குழாய்ப் பக்கம் போகவில்லை. பிறகு கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண் போனாள். அப்புறம் எல்லாரும் போனார்கள். கழிப்பறைக்கும் தனி வரிசை நின்றது. ராஜவேலுவின் மனைவிக்குச் சர்க்கரை. இரண்டு தடவை போய் வந்தார். என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் சாய்தளத்தில் இறங்கினார். "நல்லா இரும்மா" என்றார்.

நான் உருகிவிடவில்லை. தாகம் எடுத்தால் குடிப்பார்கள். அதைப் பெரிய மாற்றம் என்று எழுத என்னால் முடியாது.

ஏப்ரல் 17, புதன்

இதை விரிவாக எழுத வேண்டும்.

சாவி வாங்கி, கூட்டிப் பெருக்க நானும் டீச்சரும் வந்தோம். வழியில் ஊர்த்தெரு முனையில் ராஜவேலு, கூட இரண்டு பேர். பள்ளிக்கு வரும் பைப்பின் வால்வுக்கு மேலே மண்ணைத் தோண்டியிருந்தார்கள். ஒருவன் கையில் ரம்பம். நான் வண்டியை நிறுத்தி இறங்கினேன். என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. நல்ல வார்த்தையாக இருந்திருக்காது. டீச்சர் என் கையைப் பிடித்தார். இறுக்கி.

"என்னாண்ணே, வெயில்ல நிக்கறீங்க" என்றார்.

"ஓட்டு முடிஞ்சுது டீச்சரம்மா. ஊருக்குத் தண்ணி பத்தல. இதுக்கு மேல என்னா?"

"அறுங்க. நான் குறுக்க நிக்க மாட்டன், எனக்கு எதுக்கு வம்பு. ஆனா தண்ணி நின்னா நாளைக்குக் காலையில நான் மேல ரிப்போர்ட் எழுதணும், அது என் வேலை. யார் கேட்டு வந்த பைப்புன்னு கேப்பாங்க. உங்க மனுதான். முதல் கையெழுத்து உங்களோடது. தண்ணி வேணும்னு கையெழுத்துப் போட்டவரே அரசாங்கச் சொத்த அறுத்தாருன்னு வரும். என் கையாலதான் எழுதணும். எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கும்."

ராஜவேலு அவரையே பார்த்தார். நானும் பார்த்தேன். டீச்சர் முந்தானையால் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அப்பறம் பஞ்சாயத்து எலெக்‌ஷன் வருது" என்றார். "தலைவருக்கு நிக்கப் போறீங்கன்னு பேசிக்கறாங்க. அதுக்கும் பூத்து நம்ம பள்ளிக்கூடந்தான். காலனி ஓட்டு இல்லாம ஜெயிக்க முடியாது. நான் கொண்டாந்த தண்ணின்னு சொல்லிக் கேளுங்களேன். பொய்யும் இல்லையே."

ரம்பம் வைத்திருந்தவன் சிரித்துவிட்டான். ராஜவேலு அவனை முறைத்தார். பிறகு மண்ணைத் தள்ளி மூடச் சொன்னார். போகும்போது, "நீ பலே ஆளு டீச்சரம்மா" என்றார். திட்டா பாராட்டா தெரியவில்லை.

பள்ளிக்கு வந்து பெருக்கினோம். மை பாட்டில் மூடி, சீல் அரக்குத் துண்டுகள், பீடி. டீச்சர் நாளைக்குச் சமைக்க அரிசி அளந்தார். மார்ச் 14 அன்று வாசலில் உட்கார்ந்து எழுதும்போதே இதெல்லாம் தெரியுமா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. அன்று நான் சொன்ன வார்த்தையைப் பற்றியும் பேசவில்லை. அவர் கையிலிருந்த துடைப்பத்தை வாங்கி மீதி அறையை நானே பெருக்கினேன்.

சாயங்காலம் அஞ்சலாட்சி குழாயைத் திறந்து பார்க்க வந்தாள். தண்ணீர் வந்தது. "நாளைக்கு அனுப்பறன்" என்றாள். "ஜூன்ல?" என்றேன். "ஜூன்லயும்தான்" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

ஏப்ரல் 18, வியாழன்

பள்ளி திறந்தது. வந்ததும் பெண் பிள்ளைகள் எல்லாரும் குழாயில் வாய் வைத்துக் குடித்தார்கள். ஒருத்தி போதும் போதும் என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு குடித்தாள். யோகஸ்ரீ கடைசியில் வந்தாள். டம்ளரில் பிடித்து, உட்கார்ந்து, நிதானமாகக் குடித்தாள். இன்னொரு டம்ளர் பிடித்தாள்.

இன்று பாடம் நடக்கவே இல்லை. முழு ஆண்டுத் தேர்வு நெருங்குகிறது, பின்ன எண்கள் பாக்கி. கரும்பலகைப் பக்கம் திரும்பினால் போதும், பின்னாலிருந்து யாராவது, "டீச்சர், ஒண்ணுக்கு" என்கிறார்கள். ஒருத்தி போனால் துணைக்கு இரண்டு பேர். போனவர்கள் திரும்பி வந்து கதவை எப்படித் தாழ் போடுவது என்று மற்றவர்களுக்குச் சொல்கிறார்கள். கேட்டவர்களுக்கும் அவசரமாக வந்துவிடுகிறது. பக்கத்து அறையிலிருந்து கோமதி டீச்சர், "மித்ரா, அங்க என்னா திருவிழாவா?" என்று குரல் கொடுத்தார்.

யோகஸ்ரீ நாலாவது தடவை எழுந்து கையைத் தூக்கினாள். பொய் என்று நன்றாகத் தெரிந்தது.

"போ" என்றேன்.